இரண்டு பேருக்குப் பதிந்த அறை

கிருஷாந்தி மிஸ் வகுப்புக்குள் வந்ததும் முதலில் சொன்னது, "இது சோதனை இல்லை" என்பதைத்தான். எங்களில் ஒருவரும் அதை நம்பவில்லை.

அவர் எங்கள் ஹோட்டல் கல்லூரியைச் சேர்ந்தவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவர், ஊர் யாழ்ப்பாணம். சுற்றுலாவும் ஹோட்டல் முகாமைத்துவமும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது, எதில் தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுத வந்திருந்தார்.

"ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கதைப்பன். எது கஷ்டமோ அதை உள்ளபடி சொல்லுங்கோ. மார்க்ஸ் ஒண்டும் இல்லை" என்றார்.

எனக்குப் பின்னால் இருந்த முனாஸ் என் கதிரையைக் காலால் தட்டினான். அவன் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகன். சுற்றுலாப் பயணிகளிடம் விலை பேசிப் பேசி வளர்ந்தவன் என்பதால் எங்கள் வகுப்பில் வாய் கூசாமல் ஆங்கிலம் பேசுகிற ஒரே ஆள்.

"சுதர்சினி, சோதனை இல்லன்னு செல்லிக்கிட்டு வாறதுதான் பெரிய சோதனை. எங்க வாப்பாட கடைக்கு வந்து 'சும்மா பாக்கத்தான் வந்தேன்'னு செல்றான் பாரு, அவன்தான் கடைசியில பெரிய குத்துவெளக்கத் தூக்கிட்டுப் போவான்."

"அப்ப என்னதான் சொல்றது?"

"ஒரு கஷ்டமும் இல்ல மிஸ்னு செல்லு. ரிசெப்ஷனுக்கு ஆள் பொறுக்கத்தான் இந்த வேல எல்லாம். கஷ்டம்னு செல்றவன் கட்டில் விரிக்கத்தான் போவான்."

"நான் இப்பவே கட்டில்தானே விரிக்கிறேன்."

"அதுக்குத்தான் புள்ள செல்றேன்."

அது உண்மைதான். கிழமையில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஹோட்டலில் பயிற்சி. கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டலில் என்னை அறை துப்புரவுப் பகுதியில் போட்டிருந்தார்கள். அங்கே வாசல் மண்டபத்தில் வரவேற்புக்கென்று ஒரு நீண்ட மர மேசை உண்டு. அதன் பின்னால் நிற்கிறவர்களிடம்தான் எல்லா ஊர் மனிதர்களும் முதலில் வந்து பேசுவார்கள். அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. சம்பளத்துக்காகவோ மடிப்புக் குலையாத சேலைக்காகவோ மட்டும் அல்ல.

தெல்தோட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகத் தேடி வாசிப்பேன். பனி மூடிய ரயில் நிலையங்கள், கல் பதித்த தெருக்கள், உச்சரிக்கத் தெரியாத ஆறுகள், கடிதத்துக்காக ஜன்னலில் காத்திருக்கும் பெண்கள். அவர்கள் எல்லோரும் என்னோடு தமிழில்தான் பேசினார்கள். அவர்களுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். இப்போது அந்த ஊர்களிலிருந்து நிஜமாகவே மனிதர்கள் வந்து நான் வேலைசெய்யும் ஹோட்டலில் தூங்கி எழும்பிப் போனார்கள். எனக்குக் கிடைத்தது அவர்கள் கலைத்துவிட்டுப் போன படுக்கை மட்டும். சில நாட்களில் கட்டிலோரத்தில் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடக்கும். விருந்தாளியின் பொருளைத் தொடக் கூடாது என்பது சட்டம். குனிந்து அட்டையைப் பார்ப்பேன். எழுத்துகள் கூட அறிமுகமில்லாதவையாக இருக்கும். தலையணையைத் தட்டி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

என் முறை வந்தபோது கிருஷாந்தி மிஸ் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டார்.

"ஹோட்டலில விருந்தாளிகளோட கதைக்கிறனீரோ?"

"ஆமாங்க மிஸ்."

"அதில ஏதும் கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க மிஸ்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரி, போயிட்டு வாரும்" என்றார்.

எல்லோரையும் கேட்டு முடித்த பிறகு மிஸ் வகுப்பின் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் வாடியிருந்தது.

"இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் எங்கேயும் காணேல்லை. ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்லையாம். அப்படியெண்டால் உங்களுக்குச் சனிக்கிழமை ஆங்கில வகுப்புத் தேவையில்லை எண்டுதான் நான் எழுத வேணும். உங்கட அதிபர் அதைத்தான் கேட்டவர். தேவையில்லையெண்டால் அந்த நேரத்துக்கு வேற பாடம் போடலாமாம்."

திரும்பிப் பார்த்தேன். முனாஸ் கூரையில் எதையோ தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை வகுப்பு இல்லாமல் போகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் நான் ஆங்கிலத்தில் வாய் திறந்தேன். போன கிழமை, மழையில் மண் சரிந்து எங்கள் பஸ் நடுவழியில் நின்ற கதையை முதல் தடவையாக முழுவதும் ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தேன். இடையில் சொல் கிடைக்காமல் நின்றபோதெல்லாம் வகுப்பு முழுவதும் எனக்காகக் காத்திருந்தது. கதையின் கடைசியில் பஸ் புறப்பட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், மஹய்யாவவில் நான் தங்கியிருக்கும் சித்தி வீட்டுப் படி ஏறும் வரைக்கும், நான் மனதுக்குள் வேறு வேறு கதைகளை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.

எழுந்து நின்று, "பொய் சொல்லிட்டோம் மிஸ்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மிஸ் அதற்குள் இன்னொன்றைச் சொன்னார். எங்களில் சிலரை வேலைசெய்யும் இடத்திலேயே வந்து பார்க்கப் போகிறாராம். பார்த்து எழுதுவதில் ஒரு பிரதி ஹோட்டலுக்கும் போகுமாம். முதல் பெயராக என் பெயரை வாசித்தார். எங்கள் ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பயிற்சி மாணவர்களிலிருந்து ஒருவரை எடுக்கப் போகிறார்கள் என்று சுப்பவைசர் அக்கா முன்பே சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மிஸ் ஹோட்டலுக்கு வந்த அன்று கண்டியில் காலையிலிருந்தே மழை. அட்டையும் பேனையுமாக என் தள்ளுவண்டிக்குப் பின்னால் வந்தார்.

"நான் இருக்கிறதை மறந்திட்டு வேலையைச் செய்யும்."

அவர் சொன்னபடி மறப்பது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்றேன். பதில் இல்லாவிட்டால் திறந்து உள்ளே போனேன். நாலாவது அறையிலும் அதையே சொன்னபோது மிஸ் சிரித்துவிட்டார்.

"காலமையிலிருந்து நீர் இந்த ஒரு சொல்லைத்தான் கதைக்கிறீர்."

"ஆளில்லாத ரூமுக்குத்தானேங்க மிஸ் போறோம். ஆள் இருந்தா அப்புறமா வாறேன்னு சொல்லிட்டு வந்துருவோம். நம்ம வந்துட்டுப் போனதே அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சுப்பவைசர் அக்கா சொல்லுவாங்க."

"பேய் மாதிரி."

"பேய் படுக்கை விரிக்காதேங்க மிஸ்."

அடுத்த அறைக்கு முதல்நாள் இரவுதான் ஆள் வந்திருந்தது. எனக்குத் தந்திருந்த விபரத்தில் கணவன், மனைவி, இரண்டு பேர், பல்கேரியா என்று இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தார்கள் போலும், அறை காலியாக இருந்தது. புதிதாக வந்த தம்பதிகளின் கட்டிலில் துவாய்களை முறுக்கி இரண்டு அன்னங்கள் செய்து வைப்பது எங்கள் ஹோட்டல் வழக்கம். இரண்டின் அலகும் முட்டும்படி வைத்தால் நடுவில் இதய வடிவம் விழும். சுற்றி அரலியா என்கிற வெள்ளைக் கோயில் பூவைத் தூவ வேண்டும். இதில் எனக்கு நல்ல கை. கழுத்து சரியாமல் நிற்கும்படி உள்ளே ஒரு சிறிய துவாயைச் சுருட்டி வைப்பேன்.

"இவ்வளவு வடிவாச் செய்யிறீர்!" என்றார் மிஸ்.

விரிப்பை மாற்றும் முன்பு கட்டிலைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும்தான் கசங்கியிருந்தது. மற்றப் பக்கத் தலையணையில் ஒரு பள்ளம் கூட இல்லை. மிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பதற்றத்தில் அதை ஒரே இழுப்பில் உருவிவிட்டிருந்தேன்.

கடைசிப் பூவை வைக்கும்போது கதவு திறந்தது. உயரமான ஒரு பெண். நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தார். கம்பளிச் சட்டையின் தோளில் மழைத்துளிகள். தனியாகத்தான் வந்தார். மிஸ் மரியாதையாகக் கதவுக்கு வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டார்.

"குட் மோர்னிங், மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார். கையிலிருந்த குடை நழுவி விழுந்தது. அதை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அன்னங்களைச் சுட்டிக்காட்டினார்.

"டூ" என்றார். பிறகு சொற்களை ஒவ்வொன்றாக எங்கிருந்தோ தூக்கி வருவதைப் போல, "மை ஹஸ்பண்ட். டிக்கெட், டூ. ஹோட்டல், டூ. எவ்ரிதிங் டூ. ஹி… ஜனவரி… ஃபினிஷ்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கியது. இருவரும் சேர்ந்து வருவதற்காகப் பயணச்சீட்டு வாங்கியிருக்கிறார்கள், அறை பதிந்திருக்கிறார்கள். ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். இந்த அம்மா எதையும் மாற்றாமல் தனியாக வந்திருக்கிறார். நான் அவர் கட்டிலில் இரண்டு அன்னங்களை முத்தமிட வைத்திருக்கிறேன். அவருடைய கண்கள் என் முகத்தில் நின்றன. ஏதோ ஒன்றுக்காகக் காத்து நின்றன.

நான் இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, பயிற்சியில் சொல்லித் தந்தபடி பல் தெரியப் புன்னகைத்து, "என்ஜாய் யுவர் ஸ்டே, மேடம்" என்றேன்.

விருந்தாளி பேச்சை நிறுத்தினால் அடுத்து வர வேண்டிய வசனம் அது. இனிமையாகத் தங்கியிருங்கள் என்று அர்த்தம். கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை பழகியது. யாரும் கூப்பிடாமலே அதுவாக வந்துவிட்டது.

அந்த அம்மா மெதுவாகத் தலையசைத்து, "தேங்க் யூ" என்றார். எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதற்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு.

நடைபாதையில் மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மழைச் சத்தத்தில அவ சொன்னது எனக்குச் சரியாக் கேக்கேல்லை. ஆனா நீர் கொஞ்சமும் தடுமாறேல்லை. வணக்கம் சொன்னனீர், குடையை எடுத்துக் குடுத்தனீர், வழியனுப்புற வசனமும் சரியான இடத்தில வந்தது. இதைப் பார்த்தால் ஹோட்டல்காரர் உம்மை நாளைக்கே மேசையில நிப்பாட்டுவினம்."

நான் வண்டியைத் தள்ளினேன். துணி அலுமாரி வரைக்கும் தள்ளினேன். அங்கே வண்டியை நிறுத்தினேன். மேசை எனக்குக் கிடைக்கப் போகிறது. எத்தனை நாள் கனவு! அந்த மேசையின் பின்னால் நான் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ மனிதர்கள் வருகிறார்கள், தங்கள் ஊரையும் ஆற்றையும் இறந்துபோனவர்களையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். நான் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"மிஸ், அத வெட்டிருங்க."

"எதை?"

"சரியாச் சொன்னேன்னு எழுதினீங்களே, அத."

சொன்னேன். அந்த அம்மா சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மிஸ்ஸின் பேனை அட்டையில் அப்படியே நின்றது.

"ஐயோ பிள்ளை" என்றார். பிறகு, "வேற என்ன சொல்லியிருக்கலாம் எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டார்.

"அதுதாங்க மிஸ் தெரியல. தமிழா இருந்தா ஒண்ணுமே சொல்லாம பக்கத்துல போய் நின்னுருப்பேன். இங்கிலீஷ்ல எனக்குச் சும்மா நிக்கக்கூடத் தெரியல."

கீழே எங்கோ லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்குக் கஷ்டமில்லன்னு சொன்னதும் பொய்தாங்க மிஸ். வகுப்புல எல்லாருமே பொய்தான் சொன்னோம். சோதனைன்னு நெனச்சுட்டோம்."

"சோதனை இல்லை எண்டுதானே நான் முதல் வசனமே சொன்னனான்!"

"அதனாலதாங்க மிஸ்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"இதில ஒரு பிரதி ஹோட்டலுக்குப் போகும். தெரியும்தானே?"

"தெரியுங்க."

"மேசைக்கு வேற ஆளைத்தான் எடுப்பினம்."

"இப்ப மேசைக்குப் போனாலும் இதையேதாங்க மிஸ் சொல்லுவேன். நல்ல சேலை கட்டிக்கிட்டு சொல்லுவேன். எனக்கு வகுப்பு வேணும். அந்த வகுப்ப மூடிறாதீங்க."

மிஸ் எழுதியிருந்ததன் மேல் கோடு இழுத்தார். கீழே புதிதாக எழுதத் தொடங்கினார். நிறைய எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை வந்து எல்லாரையும் திருப்பிக் கேக்கிறன். நீர்தான் முதல் ஆள். எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும், இதை. ஏலுமோ?"

முனாஸின் முகம் மனதில் வந்தது. "ஏலும்" என்றேன். முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் அந்த 'ஏலும்' அவர் வாயிலிருந்து என் வாய்க்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"என்ர அறிக்கை முடியும் மட்டும் ஒருத்தரும் வகுப்பை மூட ஏலாது. நான் கெதியா எழுதி முடிக்கிற ஆளும் இல்லை" என்றார். பிறகு, "நான் கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று படியிறங்கிப் போனார். அவருக்குத் தேநீர் தேவைப்படவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

வண்டியை அலுமாரிப் பக்கத்தில் விட்டுவிட்டு நான் திரும்பி நடந்தேன். கையில் துவாய் இல்லை, சவர்க்காரம் இல்லை. வேலை இல்லாமல் விருந்தாளியின் கதவைத் தட்டுவது எங்களுக்குப் பெரிய குற்றம். போகும் வழியில் வசனம் கட்டிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கும் வசனங்கள் பல தெரியும், ஆனால் அவை குளியலறையில் சுடுதண்ணீர் வராததற்கானவை. சின்னச் சின்னச் சொற்களாகப் பொறுக்கினேன். சனிக்கிழமை வகுப்பில் முதல் நாள் படித்த சொற்கள்.

கதவைத் தட்டினேன். "ஹவுஸ்கீப்பிங்" என்று வாய் திறந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அதைச் சொல்லாவிட்டால் வேறு என்ன சொல்வது என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவில்லை.

"மேடம், ஐ ஆம் சுதர்சினி."

உள்ளே சத்தமில்லை. நான் போய்விடலாம் என்று திரும்பியபோது கதவு திறந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன. என் வெறுங்கைகளைப் பார்த்தார். எதற்காக வந்தேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"யுவர் ஹஸ்பண்ட்" என்றேன். "வாட் இஸ் ஹிஸ் நேம்?"

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன்.

"ஸ்தோயன்" என்றார்.

"ஸ்தோயன்" என்று நானும் சொன்னேன். சரியாக வரவில்லை. அவர் இன்னொரு தடவை, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லித் தந்தார். நான் திரும்பச் சொன்னேன். இம்முறை அவர் தலையசைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப் போனார்.

கீழே வாவி மழையில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. மறுகரையில் புத்தரின் பல் வைத்திருக்கும் மாளிகையின் கூரை மங்கலாகத் தெரிந்தது. அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். "ஸ்தோயன், ரிவர், போட்" என்றார். ஸ்தோயனுக்கு ஆறு பிடிக்கும் என்றோ, படகு வைத்திருந்தார் என்றோ. பிறகு அவருடைய ஆங்கிலமும் தீர்ந்துபோனது. அவர் நிற்கவில்லை. தன் சொந்த மொழியில் பேசத் தொடங்கினார். ஆற்றின் அகலத்தைக் கைகளால் காட்டினார். கைகள் போதவில்லை, ஜன்னலின் இரு ஓரங்களையும் தொட்டுக் காட்டினார். ஒரு இடத்தில் சிரித்தார். ஸ்தோயன் செய்த ஏதோ குறும்பாக இருக்க வேண்டும். இன்னோர் இடத்தில் குரல் இறங்கி, ஏறக்குறைய ஒன்றும் கேட்காமல் போயிற்று.

எத்தனை வருடமாக நான் கேட்க ஏங்கிய குரல் அது. அதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. அந்த ஆற்றின் கரையில் என்ன மரங்கள் நின்றன, படகின் நிறம் என்ன, ஜனவரியில் அங்கே பனி பெய்ததா, யார் அவருடன் இருந்தார்கள், எல்லாம் என் காதுக்குப் பக்கத்திலேயே, எனக்கு எட்டாத இடத்தில் போய்க்கொண்டிருந்தன. ஸ்தோயன் என்ற பெயர் வரும்போது மட்டும் நான் தலையசைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதைக் கவனித்தார்.

நடைபாதையில் சுப்பவைசர் அக்காவின் செருப்புச் சத்தம் வந்தது. "நங்கி! சுதர்சினி நங்கி!" என்று, தங்கச்சியைக் கூப்பிடும் சிங்களச் சொல்லில் கூப்பிட்டார். ஆளில்லாமல் நிற்கும் வண்டியைக் கண்டிருப்பார். நான் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா என் கையை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியை எப்படியாவது கட்டிவிட வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் நான் அவசர அவசரமாகத் துழாவிக்கொண்டிருந்தேன்.